பாடியவர் என்று எழுதினால் போதுமா? நஞ்சியம்மாவும் பாட்டுக் கட்டும் பெண்களும்

2022 ஜூலை 22 அன்று 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் பேச்செல்லாம் ‘சூரரைப் போற்று’ பற்றியே இருந்தது. அதே பட்டியலில் சிறந்த பின்னணிப் பாடகி என்ற வரிக்கு நேரே நஞ்சியம்மா என்ற பெயர் இருந்தது. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் வாழும் இருளர் சமூகப் பெண் அவர். ஆடுமாடு மேய்ப்பவர், விவசாய வேலை செய்பவர். 2020இல் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ மலையாளப் படத்தில் ‘களக்காத்த’ என்று தொடங்கும் பாட்டுக்காக விருது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று, பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த முதல் குடியரசுத் தலைவரான திரௌபதி முர்முவின் கையால் அவர் அதைப் பெற்றுக்கொண்டார்.

இதில் ஒரு சின்னச் செய்தியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாட்டின் சொற்களும் நஞ்சியம்மாவுடையவை. படத்தின் பெயர்ப்பட்டியலில் பாடலாசிரியர் என்ற இடத்திலும் அவர்தான் இருக்கிறார். அதே படத்தில் அவர் பாடிய ‘தைவமகளே’ என்ற பாட்டின் வரிகளும் அவருடையவையே. ஆனால் நாடு அவருக்குக் கொடுத்தது குரலுக்கான விருது. அதே ஆண்டில் சிறந்த பாடல் வரிகளுக்கான விருது ‘சாய்னா’ என்ற இந்திப் படத்துக்காக மனோஜ் முந்தாஷிருக்குப் போனது. அதில் தவறு என்று சொல்ல வரவில்லை. நஞ்சியம்மாவை வாழ்த்தியவர்கள், எதிர்த்தவர்கள் என இரு தரப்பிலும் அவரை ஒரு கவிஞராக நினைத்துப் பேசியவர்கள் அரிதாகவே இருந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

எதிர்த்தவர்கள் சொன்னது எளிமையானது. சங்கீதம் முறையாகக் கற்று ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் இருக்க, சுருதியோடு சேர்ந்து இன்னொரு பாட்டைப் பாடத் தெரியாத ஒருவருக்கு விருதா என்றார்கள். முறையாகக் கற்ற பாடகர்கள் பலரே இதை மறுத்து அவர் பக்கம் நின்றார்கள். அது நல்ல விஷயம். ஆனால் அவர்களுக்குத் துணையாக வந்த பாராட்டுச் சொற்களைக் கவனியுங்கள்: மண்ணின் குரல், காட்டின் தாய், கள்ளமில்லாத சிரிப்பு, கலப்படமில்லாத இசை. ஒரு தரப்பு ‘கற்காதவர்’ என்று குறை சொன்னது. மறு தரப்பு அதே ‘கற்காதவர்’ என்பதைப் பெருமையாக்கியது. இரண்டு தரப்புக்கும் ஒரே நம்பிக்கை: அந்தப் பாட்டு அவர் வழியாக வந்தது, அவர் அதைச் செய்யவில்லை.

தானாகக் கற்றவருக்கும் கற்காதவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நஞ்சியம்மா சினிமாவுக்கு முன்பே அட்டப்பாடியின் ஆசாத் கலா சமிதி என்ற பழங்குடிக் கலைக்குழுவோடு மேடை மேடையாகப் பாடிவந்தவர். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் அசைகிறது, எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டால் குழு கூடப் பாடும் என்பதெல்லாம் மேடையிலும் மேய்ச்சலிலும் படித்த பாடங்கள். கேட்டுக் கேட்டுப் படிப்பதும் படிப்புதான். அதற்குச் சான்றிதழ் இல்லை என்பதால் அது இயற்கையாகிவிடுவதில்லை. பெண்களின் சமையலும் பிள்ளை வளர்ப்பும் ‘இயல்பாக வரும்’ என்று சொல்லி அவற்றிலுள்ள திறமையை எப்படி மறைத்தார்களோ, அப்படியே பாட்டிலும் நடக்கிறது.

படத்தின் விளம்பரத்துக்காக வந்த காணொளி ஒன்று பலருக்கு நினைவிருக்கும். அந்தப் படத்தின் கதாநாயகர்களைத் தெரியுமா என்று கேட்கிறார்கள். நஞ்சியம்மா தெரியாது என்கிறார். பார்த்தவர்கள் சிரித்து ரசித்தார்கள். அன்பான சிரிப்புதான். ஆனால் திருப்பிக் கேட்கலாம் அல்லவா? இருளர் மொழியில் பாட்டுக் கட்டும் மூன்று பேரின் பெயரைச் சொல்லுங்கள் என்று அந்த நடிகர்களிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அப்போது அந்த அறியாமையைக் கள்ளமில்லாத மனம் என்று யாரும் கொண்டாடியிருக்க மாட்டார்கள். அறியாமை பெண்ணிடம், அதுவும் பழங்குடிப் பெண்ணிடம் இருக்கும்போதுதான் அழகாகிறது.

இனி பாட்டுக்கு வருவோம். பத்திரிகைகள் அதைத் தாலாட்டு என்றும், பிள்ளைக்கு மரஞ்செடிகளைக் காட்டிச் சோறூட்டும் பாட்டு என்றும் அறிமுகப்படுத்தின. அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். கிழக்கே பூத்து நிற்கும் ஒரு சந்தன மரத்தில் தொடங்குகிறது. பிறகு திசை மாறுகிறது, மரம் மாறுகிறது. பூப்பறிக்கப் போகலாமா என்ற கேள்வி மட்டும் மாறாமல் திரும்பி வருகிறது. ஒரு சின்னப் பிள்ளைக்குத் திசையும் மரத்தின் பெயரும் பருவமும் ஒரே சமயத்தில் பாடமாகும்படி போட்ட கட்டு அது. கேட்பவர் இரண்டாவது சுற்றிலேயே அடுத்து என்ன வரும் என்று ஊகித்துவிடுவார். அப்படி ஊகிக்க வைப்பதும், ஊகித்த இடத்தில் மரத்தை மட்டும் மாற்றுவதும் கவிஞரின் வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. பூவைப் பற்றிய கேள்விக்குப் பக்கத்திலேயே ஆகாய விமானத்தைப் பார்ப்பது பற்றிய கேள்வி வருகிறது. காலங்காலமாக வரும் ஆதிவாசிப் பாட்டு என்று எழுதியவர்கள் இந்த விமானத்தைக் கேட்கவில்லை. மேலே விமானம் போகும் காலத்தில் வாழும் ஒரு பெண், பூத்த மரத்தையும் பறக்கும் விமானத்தையும் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டத் தீர்மானித்திருக்கிறார். இரண்டுக்கும் தலையை நிமிர்த்த வேண்டும். அந்த ஒரு ஒற்றுமை போதும், இரண்டையும் பக்கத்தில் வைக்க. இது நம் காலத்துப் பாட்டு. ஒருவரின் தேர்வு அதில் இருக்கிறது. ‘தொன்மை’ என்ற சொல்லை வைத்து நாம் அந்தத் தேர்வைத் துடைத்துவிட்டோம்.

படம் இந்தப் பாட்டை என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும். ‘அய்யப்பனும் கோஷியும்’ இரண்டு ஆண்களின் வீம்பு பற்றிய படம். ஒருவர் காவல்துறை அதிகாரி, மற்றவர் ஓய்வுபெற்ற ராணுவ வீரர். அட்டப்பாடி அவர்கள் மோதும் களம். கண்ணம்மா என்ற பழங்குடிப் பெண் பாத்திரம் உறுதியோடு பேசுகிறாள். அதற்காக மறைந்த இயக்குநர் சச்சிக்கு நன்றி சொல்லலாம். நஞ்சியம்மாவின் பெயரை வரிகளுக்கு நேரே போட்டதற்கும்தான். அப்படியிருந்தும் பிள்ளையோடு பேசும் ஒரு பெண்ணின் பாட்டு, ஆண்கள் மோதப்போகும் மலைக்கு மனநிலை ஏற்றும் ஒலியாகிவிடுகிறது. பாட்டின் பொருள் தெரியாமலேயே அதை ரசிக்க முடிந்தது. பொருள் தெரியாமல் ரசிக்க முடிந்ததால்தான் எழுதியவரைத் தேட வேண்டிய அவசியமும் எழவில்லை.

தமிழ் சினிமாவும் இதையேதான் செய்தது. கொல்லங்குடி கருப்பாயி ‘ஆண்பாவம்’ (1985) படத்தில் பாட்டியாக வந்தார். பரவை முனியம்மா ‘தூள்’ (2003) படத்தில் பாட்டியாக வந்தார். இருவரும் அதற்கு முன்பே கிராமத்துப் பாட்டால் பெயர் பெற்றவர்கள். நடவுக்கும் கும்மிக்கும் காதலுக்கும் கேலிக்கும் சாவுக்கும் பாட்டு வைத்திருக்கும் மரபிலிருந்து வந்தவர்கள். திரை அவர்களுக்குக் கொடுத்த உறவுமுறை ஒன்றுதான்: பாட்டி. நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது அம்மா. பாட்டியிடமும் அம்மாவிடமும் பாட்டு இருப்பது நமக்கு ஆச்சரியமில்லை. அது பால் போல, சோறு போலக் கிடைப்பது. அம்மாவிடம் இதை எப்போது எழுதினாய், ஏன் இந்தச் சொல்லைப் போட்டாய், முதலில் வேறு சொல் வைத்திருந்தாயா என்று யார் கேட்பார்கள்?

நம் மொழியும் இதற்கு உடந்தை. முன்தயாரிப்பின்றி அந்த இடத்திலேயே பாடுகிறவரை ஆசுகவி என்று கவிஞர் வகை நான்கில் முதலில் வைத்தோம். காளமேகத்தின் பெயரை அதற்காகவே இன்றும் சொல்கிறோம். அதே செயலை வயலிலோ சாவு வீட்டிலோ ஒரு பெண் செய்தால் அதற்கு ‘இட்டுக்கட்டுதல்’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. இல்லாததைச் சொல்வது, பொய் புனைவது. ‘அவள் இட்டுக்கட்டிச் சொல்கிறாள்’ என்றால் பாட்டைப் பற்றிப் பேசவில்லை என்று எல்லோருக்கும் புரியும். ஆணின் உடனடிக் கற்பனைக்குப் பட்டம், பெண்ணின் உடனடிக் கற்பனைக்குச் சந்தேகம்.

நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாது, அது சமூகத்தின் கூட்டுப் படைப்பு என்று பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மெட்டும் சொல்வளமும் பொதுச் சொத்து. ஒருவர் கட்டியதை இன்னொருவர் மாற்றிப் பாடுவார். ஆனால் இந்தக் கோட்பாடு எல்லோரையும் ஒரே அளவில் மறைக்கவில்லை. பெர்சி மெக்குவீன் சேகரித்த நாட்டுப்பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’ என்று பதிப்பித்தார். அரிய பணி. சேகரித்தவர் பெயர் நிலைத்தது, பதிப்பித்தவர் பெயர் நிலைத்தது. அந்தப் பாட்டுகளைக் கட்டிய பெண்கள் ‘மக்கள்’ ஆனார்கள். ஆசிரியர் இல்லை என்ற முடிவு, ஆசிரியர் யார் என்று கேட்காததால் வந்த முடிவாகவும் இருக்கலாம்.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நீலகிரியிலேயே சான்று உண்டு. நான் இதை எழுதும் சோலூர், நஞ்சியம்மாவின் அட்டப்பாடியிலிருந்து தொலைவுதான். ஆனாலும் சோலூர்ச் சரிவில் இறங்கும் ஓடைகள் மோயாற்றுக்குப் போகின்றன. அட்டப்பாடி வழியாக வரும் பவானியும் அந்த மோயாறும் பவானிசாகரில் சந்திக்கின்றன. இருளர், தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் வாழும் மலை இது. தோடர் பாட்டுகளை 1930களில் இங்கே தங்கிக் கேட்டு எழுதிய மொழியியலாளர் எமனோ, 1971இல் அவற்றைப் பெரும் தொகுப்பாக வெளியிட்டார். அந்தப் பாட்டுகளின் விதி கடினமானது. ஒரு தொடரைச் சொன்னால் மரபு வகுத்த அதன் இணைத் தொடரையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டுக்குள் நின்று, குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சிக்கு, குறிப்பிட்ட ஒருவர் கட்டுவது தோடர் பாட்டு. எழுத்தே இல்லாத மொழியில் தனித்தனிக் கவிஞர்கள் இருக்கிறார்கள் என்பதை அவர் வற்புறுத்தினார்.

சோலூருக்குப் பக்கத்தில் சோலூர் கோக்கால் இருக்கிறது. கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்று. கோத்தர் இசை என்றதும் வெளியாட்களுக்கு நினைவு வருவது கொள் என்ற நாகசுரம் போன்ற குழலும் முரசுகளும் கொம்பும்தான். அவற்றை வாசிப்பவர்கள் ஆண்கள். படம் எடுக்கத் தோதானவை, திருவிழாவில் முன்னால் நிற்பவை. பெண்களிடம் இருப்பது பாட்டு. 2005இல் கோத்தர் இசையைப் பற்றி ‘தி பிளாக் கௌஸ் ஃபுட்பிரிண்ட்’ என்ற நூலை எழுதிய ரிச்சர்ட் உல்ஃப், பெண்கள் கட்டும் துக்கப் பாட்டுகளை விரிவாகப் பேசுகிறார். அவை பொதுவான அழுகை ஆகா. இறந்தவரை உறவு சொல்லி அழைத்து, அவர் போன இடங்களையும் அவருக்கு நேர்ந்ததையும் சொல்பவை. சாவு முடிந்த பிறகும், வேலை செய்யும்போதோ தனியாக இருக்கும்போதோ அவை பாடப்படும். ஒரு தங்கையோ தாயோ தன் இழப்புக்காகக் கட்டியதை இன்னொரு வீட்டுப் பெண் தன் இழப்பை நினைத்துப் பாடலாம். பாட்டு ஊருக்குப் பொதுவாகிறது. யாருடைய சாவுக்குப் பிறந்த பாட்டு என்பதும் அதிலேயே இருக்கிறது.

பாட்டுக்குத் தூண்டுதல் எது என்று கேட்பவர்களுக்கு இதில் நல்ல பதில் உண்டு. மலை, மழை, மண் என்று பொதுவாகச் சொல்வது சுற்றுலாத் துறைக்குப் போதும். பாட்டுக் கட்டும் பெண்ணுக்குத் தூண்டுதல் எப்போதும் குறிப்பானது: இந்த அண்ணன், இந்த மேய்ச்சல் வழி, இந்தப் பிள்ளை சாப்பிட மறுத்த இந்த வேளை. நஞ்சியம்மாவின் சந்தன மரமும் அப்படிப்பட்டது. சந்தன மரம் சொந்த நிலத்தில் நின்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாது என்பது இந்த மலைகளில் எல்லோருக்கும் தெரியும். அந்த மரத்தை வைத்து ஒரு பெண் பாட்டுக் கட்டும்போது அவள் கேட்பது பூவை மட்டும்தான். இது என் வாசிப்பு. கட்டியவர் வேறு சொல்லலாம். அவர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் நமக்கு வந்தால் விமர்சனமும் வளரும்.

மண்ணின் குரல் என்று புகழ்ந்த நாட்டில் அந்த மண் யாரிடம் இருக்கிறது என்பதையும் பேசாமல் முடிக்க முடியாது. 1951இல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடிகள். 2001இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. பறிபோன பழங்குடி நிலத்தை மீட்டுத் தர 1975இல் கேரளம் ஒரு சட்டம் இயற்றியது. அது ஆண்டுக்கணக்கில் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. 1999இல் அதன் இடத்தில் வேறொரு சட்டம் வந்தது. தன் குடும்பத்துக்குரிய நிலம் போலி ஆவணங்களால் கைமாறிவிட்டது என்று நஞ்சியம்மா வெளிப்படையாகவே புகார் சொல்லியிருக்கிறார். தேசிய விருது வாங்கிய பிறகும் அந்த நிலத்துக்காக அவர் போராட வேண்டியிருந்தது.

நிலத்துக்கும் பாட்டுக்கும் இங்கே ஒரே சிக்கல். இரண்டிலும் தலைமுறையாக உழைத்தவளிடம் காகிதம் இல்லை. காகிதம் வைத்திருப்பவர் வேறொருவர். பாட்டைப் பொறுத்தவரை காகிதம் என்பது பெயர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம், ஒரு பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் உரிமத்தொகையில் வரிகளை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள பங்கைப் பிடுங்க முடியாது என்கிறது. அப்படியானால் பாடலாசிரியர் என்பது வெறும் மரியாதைச் சொல்லாக இராது, பணத்துக்கான சொல்லும்கூட. ‘நாட்டுப்புறப் பாடல்’ என்றோ ‘பாரம்பரிய வரிகள்’ என்றோ போட்டுவிட்டால் அந்தப் பங்கு யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். எத்தனையோ படங்களிலும் ஒலிநாடாக்களிலும் இந்த இரண்டு சொற்கள் எந்தப் பெண்களின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று தேடினால் ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

பெயர் போடுவதில் ஆபத்தும் உண்டு என்பார்கள். பொதுவில் புழங்கும் பாட்டைத் தனிச் சொத்தாக்கிவிட்டால் மற்றப் பெண்கள் பாட முடியாமல் போகாதா? நியாயமான கேள்வி. கோத்தர் பெண்களின் துக்கப் பாட்டு அதற்கும் ஒரு வழி காட்டுகிறது. பாட்டு ஒருத்தியின் இழப்பில் பிறந்தது என்பதை மறக்காமலேயே எல்லோரும் பாடுகிறார்கள். பெயர் தெரிந்திருப்பது பாடுவதற்குத் தடையாகவில்லை. தடை வருவது, வெளியிலிருந்து ஒருவர் வந்து பதிவு செய்து, மெட்டைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும்போதுதான்.

இதைப் படிக்கும் மாணவிகள் பலர் களப்பணிக்குப் போவீர்கள். அம்மாச்சியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கைபேசியில் பாட்டுப் பதிவீர்கள். ‘பாடியவர்’ என்று ஒரு கட்டம் போட்டுப் பெயர், வயது, ஊர் எழுதுவீர்கள். அதற்குக் கீழே ‘கட்டியவர்’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். நீங்களே கட்டியதா, யாரிடம் கேட்டது, எந்த அடியை நீங்கள் மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், யாருக்காக முதலில் பாடினீர்கள், எந்த ஆண்டு என்று நினைவில்லை என்றால் எந்தப் பிள்ளை பிறந்த பிறகு என்று கேளுங்கள். பதிவை யார் யார் கேட்கலாம், எங்கே போடலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். சில பாட்டுகளை வெளியே கொடுக்க மாட்டேன் என்பார். அதுவும் ஆசிரியரின் உரிமைதான்.

‘எனக்கென்ன தெரியும், சும்மா வாயில் வந்ததைப் பாடினேன்’ என்று பல பெண்கள் முதலில் சொல்வார்கள். அந்தப் பதிலை எழுதிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். அவர்களுக்கு இதுவரை கிடைத்த கேள்விகள் அந்தப் பதிலைத்தான் கற்றுக்கொடுத்திருக்கின்றன. இன்னொரு முறை பாடச் சொல்லுங்கள். முதல் முறை இருந்த ஒரு சொல் இரண்டாம் முறை மாறியிருக்கும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, இதை ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.